பக்கவாட்டில் மறைந்த மஞ்சள்

மார்ச் 4

அக்காவுக்கு,

உறையின்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பாய். அனுப்பாதே. பழைய சண்டையைத் தொடர்வதற்காக எழுதவில்லை.

நான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டு நர்சிங்கில் சேர்ந்துவிட்டேன் என்று தெரிந்த அன்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் கேட்டாயே, "ஆம்பளப் புள்ள, தொட்டில் ஆட்டி சம்பாதிக்கப் போறியாடா?" என்று. அதற்குப் பிறகு நமக்குள் நேர்ப்பேச்சு இல்லை. அம்மாதான் தபால்காரி. அவளும் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்கிறாள். போனில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் ஒன்று அழுவேன், இல்லாவிட்டால் கத்துவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒரு தனியறை உண்டு. தொற்றுப் பயம் உள்ள குழந்தைகளை அதில் வைப்போம். உள்ளே போக வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் மேலங்கி, கையுறை, முகமூடி எல்லாம் புதிதாக மாட்ட வேண்டும். அதனால் தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா, வெளியே எங்களுக்கு ஒரு பெரிய திரை. போன வருஷம் வந்த திரை. பின்பக்கம் நீ இன்ஜினியராக இருக்கும் கம்பெனியின் முத்திரை. மாட்ட வந்தவர், "கொழந்தையோட நெறம் அசல் மாதிரி அப்படியே தெரியும்" என்றார். எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

போன வாரம் அந்த அறையில் ஒரு பெண் குழந்தை. மாதம் நிறையாமல் பிறந்தவள். அவளுடைய அம்மா ஆபரேஷன் முடிந்து வேறு வார்டில் கிடந்தார். பகல் வேலை என்னுடையது. திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. சற்று வெளிறின நிறத்தில் சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் என்னை விடுவிக்க வந்த நர்ஸ் உள்ளே போன வேகத்தில் வெளியே ஓடி வந்தாள். "என்னத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த? புள்ள உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளா கெடக்கு!"

மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைக்கு அது ஏறிவிட்டால் மூளையைத் தொடும், காதைத் தொடும். நீல விளக்கு போதவில்லை, ரத்தத்தையே மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். காது கேட்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

அந்தக் களேபரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எழுந்துபோய்த் திரைக்கு நேர் எதிரே நின்று பார்த்தேன். குழந்தை மஞ்சளாகத்தான் இருந்தாள். திரும்ப என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். மஞ்சளைக் காணோம். யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தலைமை நர்ஸிடம் சொன்னேன். "இப்ப வந்து கத வுடாத" என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. ஓரத்திலிருந்து பார்த்தால் உங்கள் திரையில் நிறம் மாறுமா, மாறாதா? எனக்குப் பைத்தியமா, இல்லையா?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கவரை அம்மாதான் வாங்கினாள். கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "கனமா இருக்கு, திட்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். உள்ளே இருப்பதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இத்தனை வருஷத்தில் பிறந்தநாளுக்கு ஒரு வார்த்தை இல்லை. இப்போது மாட்டிக்கொண்டதும் அக்கா ஞாபகம். போகட்டும்.

உன் கேள்விக்குப் பதில்: மாறும். இது ரகசியம் ஒன்றும் இல்லை. இந்த வகைத் திரையில் பின்னால் விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு புள்ளியிலும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அடுக்குகள். அவற்றின் மேலும் கீழும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் தளங்கள். உள்ளே பிறக்கும் ஒளி இரண்டுக்கும் நடுவே மோதி மோதி வலுவேறி வெளியே வரும். அடுக்கின் தடிமன் நேர் எதிரே நிற்பவர் கண்ணுக்காக அளந்து வைத்தது. சாய்ந்து பார்த்தால் ஒளி உள்ளே போய்வரும் வழி மாறும், அந்தக் கணக்கு பிசகும். எங்கள் திரையில் சிவப்பு முதலில் மங்கும். பச்சை நீலத்தின் பக்கம் நகரும். மஞ்சள் என்பதே திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்துதான் வருகிறது. இரண்டும் தளர்ந்தால் மஞ்சள் வெளிறும்.

எந்தக் கம்பெனித் திரையாக இருந்தாலும் கூடவோ குறையவோ இது இருக்கும். நேர் எதிரிலிருந்து முப்பது டிகிரிக்குள் நின்று பார்க்க வேண்டும் என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறோம். யாரும் மறைக்கவில்லை.

நானும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ ஏன் உள்ளே போகவில்லை? திரை என்பது ஒரு வசதி. குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது உன் வேலை. விசாரணையில் பழியைத் தூக்கித் திரையின்மேல் போட்டால் சிரிப்பார்கள். என் பெயரை அங்கே எங்கேயும் சொல்லாதே. அடுத்த மாடல் வேலை என் கையில் இருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு வரக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் கிடக்காதே.

அக்கா


மார்ச் 13

மேடம்,

கையேடு! நல்ல வார்த்தை. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தெரியாது. அட்டைப் பெட்டியோடு போயிருக்கும்.

எங்கள் இடத்தை நீ பார்த்ததில்லை. சொல்கிறேன். கேபிள் கதவுக்கு மேலேதான் வந்தது, அதனால் திரையை அங்கே மாட்டினார்கள். எதிரே தூண். தூணுக்கு அந்தப் பக்கம் மேசை போட முடியாது, ஸ்ட்ரெச்சர் போகும் வழி. ஆகவே மேசை மூலையில். அந்த மூலையில் உட்கார்ந்தால் மூன்று அறைகளின் கதவும் தெரியும், திரையும் தெரியும். உங்கள் ஆள் வந்து மாட்டியபோது மேசை அங்கேதான் இருந்தது. அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கையெழுத்து வாங்கினார். "இங்கேருந்து பாக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

உன் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். உள்ளே போகவில்லை. காலையில் ஒரு தடவை போனேன், அப்போது நன்றாக இருந்தாள். அன்று கூட வேலை பார்ப்பவள் வரவில்லை. மற்ற அறையில் ஒரு குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அதை விட்டு நகர முடியவில்லை. தனியறைக் குழந்தையைத் திரையில் பார்த்தேன், நன்றாகத் தெரிந்தாள், அதனால் தள்ளிப்போட்டேன். திரையே இல்லாமல் இருந்திருந்தால் எப்பாடு பட்டாவது உள்ளே போயிருப்பேன். இருந்ததால் நம்பினேன். உள்ளே போகாதது என் தப்பு, அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதித் தப்பை யார் எழுதிக் கொடுப்பார்கள்?

நேற்று அந்த வாக்குமூலத்தில் கடைசிக் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடைபாதையில் அந்தக் குழந்தையின் அப்பா. யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள்.

"நீங்கதான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"நேர்லயா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"டிவில," என்றார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

இத்துடன் ஒரு மடித்த காகிதம் வைத்திருக்கிறேன். அன்றைக்கே என் நாற்காலியிலிருந்து பிடித்துப் பார்த்து மடித்தது. ஒரு விளிம்பு திரைக்கு நேர் எதிர்த் திசை. மடிப்பு, நான் உட்கார்ந்திருந்த திசை. இரண்டுக்கும் இடையில்தான் அந்தக் குழந்தையின் மஞ்சள் காணாமல் போனது. உன்னிடம் கருவி இருக்குமே. வைத்துப் பார். பார்க்க இஷ்டமில்லை என்றால் குப்பையில் போடு.

செவிலியர், பச்சிளங்குழந்தைகள் பிரிவு
(இப்போதைக்கு)


மார்ச் 20

தம்பி,

காகிதம் இரண்டு நாள் என் கைப்பையில் கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்தேன்.

எங்கள் அளவறையில் சுவரெல்லாம் கறுப்பு. நடுவில் ஒரு சுழல்மேடை. திரையை அதில் பொருத்தித் திருப்பினால், எதிரே நிற்கும் கருவி ஒவ்வொரு கோணத்திலும் நிறத்தை அளந்து கோடு போடும். வருஷக்கணக்காக அந்தக் கோட்டைத்தான் பார்த்து வருகிறேன். திரையில் எப்போதும் வெள்ளைச் சதுரம், சிவப்புச் சதுரம் என்றுதான் போடுவோம். இந்தத் தடவை மருத்துவப் புத்தகத்திலிருந்து காமாலை வந்த ஒரு குழந்தையின் படத்தைப் போட்டேன். உன் மடிப்பை மேடையில் வைத்து, அதற்கு ஒத்துவரும்வரை திருப்பினேன். எங்கள் முப்பதைத் தாண்டி, ஐம்பதையும் தாண்டிப் போயிற்று. பிறகு கருவியை நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் நான் நின்று பார்த்தேன்.

நன்றாகத் தூங்கும் ஆரோக்கியமான குழந்தை.

மேடையை மெல்லத் திருப்பினேன். மஞ்சள் வந்தது. திரும்பவும் திருப்பினேன். போயிற்று. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை. உனக்குப் பைத்தியம் இல்லை.

பிரிவுத் தலைவரிடம் போனேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிகளில் இப்படி ஆகலாம் என்று மட்டும் சொன்னேன். "மேடம், இது நம்ம பிரச்சன இல்ல. கையேட்டுல இருக்கு. எங்க உக்காந்து பாக்குறதுங்கிறது அவங்க பொறுப்பு" என்றார். நான் உனக்கு எழுதிய அதே வார்த்தைகள். அவர் வாயிலிருந்து கேட்கும்போது காது கூசியது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிவப்பின் அடுக்கைச் சற்றே தடிமனாக்க வேண்டும். நேரே பார்க்கும்போது சிவப்பு கொஞ்சம் குறையும், சாய்ந்து பார்க்கும்போது அது தன் முழு வலுவுக்கு வரும். மூன்று நிறமும் சேர்ந்து ஒரே சீராக மங்கினால் ஓரத்தில் படம் மங்கலாகும், ஆனால் நிறம் பிசகாது. அடுத்த மாடலுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். நேர்ப்பார்வையில் வெளிச்சம் குறைந்தால் கடையில் பக்கத்துத் திரைக்கு முன்னால் நம்முடையது அழுது வடியும் என்றார்கள். பேச்சு அதோடு நின்றது.

நீ கேட்கப்போவது தெரியும். இந்த அளவைக் கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா என்று. முடியாது. அனுமதி இல்லாமல் ஒரு கோடுகூட வெளியே போகக்கூடாது. அனுமதி கேட்டிருக்கிறேன். மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே போனது கீழே வருவதற்கு நாளாகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இதற்குக் கீழே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே. சாப்பாட்டு மேசை விஷயம். நேரில்தான் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

விசாரணையை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த விரைவுத் தபால் அதற்காக இல்லை.

அந்தத் தனியறையில் இன்று வேறொரு குழந்தை இருக்கிறது. ஆண் குழந்தை. என்னோடு வேலை பார்ப்பவள் போனில் சொன்னாள். நான் வேலையில் இல்லாததால் ஆள் இன்னும் குறைவு. இப்போது அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். "நேரா போய் நின்னு பாரு, அங்கேருந்து பாக்காத" என்று கத்தினேன். "நா பாத்துக்குவேன், மத்தவங்களுக்கு யாரு சொல்றது?" என்றாள். சாயங்காலத்துக்கு வேறு ஆள் வருவார், காலையில் இன்னொருவர்.

தலைமை நர்ஸின் வீட்டுக்கே போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார். "மேடம், மேசைய மட்டும் நகத்துங்க, என் விஷயம் அப்பறம்" என்றேன். "மேசைய நகத்துனா நீ சொன்னது நெஜம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். விசாரண முடியட்டும்" என்றார். கெட்டவர் இல்லை அக்கா. பயந்துபோயிருக்கிறார். இன்னும் இரண்டு வார்டில் இதே திரை இருக்கிறது. மற்ற ஊர்களில் எத்தனை இருக்கிறதோ, அது உங்களுக்குத்தான் வெளிச்சம்.

எனக்குச் சாட்சி வேண்டாம். உன் கையெழுத்தும் வேண்டாம். அந்த நாற்காலி அங்கிருந்து போனால் போதும். நான் சொன்னால் தப்பித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்கிறார்கள். வேறு யாராவது சொல்ல வேண்டும்.

தம்பி


மார்ச் 26

தம்பி,

கடிதம் மத்தியானம் வந்தது. படித்து முடித்த கையோடு உங்கள் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டருக்குப் போன் போட்டேன். உனக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் என் வாயால் தெரிந்துகொள்.

அவரை லைனில் பிடிக்கவே நேரமாயிற்று. நான் யார், எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று சொல்லிவிட்டு, "டாக்டர், அந்தத் திரைய மூலையிலேருந்து பாத்தா காமாலை தெரியாது. நானே அளந்து பாத்துட்டேன். இன்னைக்கே மேசைய மாத்துங்க" என்றேன்.

"இது கம்பெனி சொல்றதா, நீங்க சொல்றதா?"

"நான் சொல்றேன்."

"எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்."

அப்போதே எழுதி என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு கணம் விரல் நின்றது. நான் உனக்கு யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். கம்பெனி இன்ஜினியரே சொல்கிறார் என்று விசாரணையில் உனக்குப் பெரிய பலமாக இருந்திருக்கும். ஆனால் நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் அளவு முழுவதும் பொய் என்பார்கள். மேசை திரும்ப மூலைக்கே போகும். கடைசி வரியில் சேர்த்துவிட்டேன்: விசாரணையில் இருக்கும் செவிலியர் என் உடன்பிறந்த தம்பி.

அவர் உடனே திரும்பக் கூப்பிட்டார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். குரல் மாறிவிட்டது. "மேசைய மாத்திடுறோம். ஆனா இந்தக் கடுதாசிய உங்க தம்பி கேஸ்ல சேக்க முடியாது. அக்கா தம்பிக்குச் சொன்னதா ஆயிடும்."

உன்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரே காகிதத்தை நானே உதவாமல் செய்துவிட்டேன். செய்ததைத் திரும்பச் செய்வேனா என்று நீ கேட்டால் செய்வேன் என்றுதான் சொல்வேன். நீ கேட்காமல் இருந்தால் நல்லது.

பிறகு விற்பனைப் பிரிவுக்குப் போய், இந்தத் திரை எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன். தரவில்லை. பிரிவுத் தலைவர் அங்கேயே வந்துவிட்டார். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. "யாரக் கேட்டு எழுதுனீங்க? கம்பெனி முழுக்க உங்க தம்பிக்காக நடத்துறோமா?" என்றார். "தம்பிக்கு இது உதவாது சார். அதத்தான் இப்ப ஆஸ்பத்திரியில சொன்னாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்வரை வீட்டில் இருக்க வேண்டுமாம்.

வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவிடம் லீவு என்றேன். "நீ லீவு போட்டா மழை வரும். என்ன நடந்துச்சு சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல. உங்கள வளத்ததுக்குப் பதிலா நான் அந்தச் சுழல்மேடைய வாங்கியிருக்கலாம், அதாவது சொன்ன பக்கம் திரும்பும்" என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

விசாரணை முடிந்துவிட்டது. குழந்தைகள் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி வெளிநோயாளிகளுக்குக் காயம் கழுவிக் கட்டுப்போடும் அறை. பதிவேட்டில் கண்டிப்பு. "திரை தொடர்பானது தனியாகப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். வேலை போகவில்லை என்று எல்லாரும் கைகொடுக்கிறார்கள். எனக்குக் கை நீட்டத் தோன்றவில்லை.

உன்மேல் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினாள் என்று ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த நாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். தலைமை டாக்டர் சொன்னதும் அவர் மேசையை உடனே நகர்த்திவிடவில்லையாம். தனியறைத் தொட்டிலில் ஒரு மஞ்சள் துணியை விரிக்கச் சொல்லிவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிறகு எழுந்து நேரே போய் நின்றிருக்கிறார். திரும்பவும் உட்கார்ந்திருக்கிறார். மேசையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினாராம். ஆண்கள் ஓடி வருவதற்குள் பாதி வழி இழுத்துவிட்டாராம்.

"உன்ன அங்க திரும்ப வைக்கச் சொல்லி நா கேக்கல," என்றார் என்னிடம். "நீ உள்ள போயிருக்கணும்."

"போயிருக்கணும் மேடம்."

"நானும் அந்த நாக்காலில எத்தன நாள் உக்காந்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஆண் குழந்தைக்குக் காமாலை இல்லை, நலமாக வீட்டுக்குப் போய்விட்டது. பெண் குழந்தைக்குக் காதுப் பரிசோதனை நடந்தது. வலது காது பதில் சொல்கிறது. இடது சொல்லவில்லை. சில சமயம் பிந்தி வரும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்கிறார்கள். நம் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாசத்தில் இல்லை. உங்கள் தலைமை டாக்டர் தனக்குத் தெரிந்த மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நாற்காலியை மூலையில் போட்டவர்கள் உங்கள் ஊரில் மட்டும் இல்லையாம். ஒவ்வொன்றாகக் கேள்வி வந்து, திரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லத் தொடங்கியதும் கம்பெனி இறங்கி வந்தது. நேர் எதிரே வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் அறிவிப்பு போயிருக்கிறது. மருத்துவத்துக்கென்று தனித் திரை செய்யும் வேலை என்னிடம். பிரிவுத் தலைவர் என்னோடு பேசுவதில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

சிவப்பு அடுக்கைத் தடிமனாக்கி முதல் திரை செய்தோம். சரிவரவில்லை. ஓரத்தில் மஞ்சள் நின்றது, ஆனால் நேரே பார்த்தால் குழந்தையின் முகம் பச்சை பாய்ந்து தெரிந்தது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. அடுத்ததில் பச்சையையும் தொட்டேன். அதற்கடுத்ததில் மேலே பூசும் அடுக்கை மாற்றினேன். நேற்று ஒன்று வந்தது. மேடையில் உன் காகிதத்தின் மடிப்புவரை திருப்பிவிட்டுப் போய் நின்றேன். மங்கலாக இருந்தது. மஞ்சளாக இருந்தது. இன்னும் தாண்டித் திருப்பினாலும் மஞ்சள்தான். கூட வேலை செய்கிற பெண்கள் கைதட்டினார்கள். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு இனி இதனால் என்ன ஆகப்போகிறது என்றுதான் தோன்றியது. முன்பு மனிதர்கள் எங்கே உட்காருவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் திரையைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைத்தான் பார்க்கிறேன்.

உன்னைப் பார்க்க வரலாமா? அம்மா பெட்டியைக் கட்டியே வைத்துவிட்டாள். நான்தான் நீ சொல்லட்டும் என்று இருக்கிறேன். அந்தக் குழந்தையின் வீட்டாரையும் பார்க்க நினைக்கிறேன். அது சரியா, அவர்களை நோகடிப்பதா என்று தெரியவில்லை. நீ சொல்கிறபடி கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

ஏப்ரல் கடைசியிலிருந்து நீ போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். காயம் கழுவுகிற அறையில் வேலை ஓயாது. அது முழு உண்மை இல்லை. காதுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன். நல்லபடி வந்தால் உன்னை வரச்சொல்லி எழுதலாம் என்று ஒரு சின்ன ஆசை.

முடிவு வந்துவிட்டது. இடது காது வராது.

அதை எனக்கு டாக்டர் சொல்லவில்லை, குழந்தையின் அம்மா சொன்னார். இன்று காலை கட்டுப்போடும் அறை வரிசையில் ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். யாருக்கும் காயம் இல்லை. பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டேன். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"உக்காருங்க" என்றேன்.

"உக்கார வரல. உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்லவும் வரல. அது என்னால ஆகாது."

"சரிங்க."

"ஒரு காதுதான் கேக்கும்னு சொல்லிட்டாங்க. மிஷின் வைக்கிறதெல்லாம் பொறவு பாக்கலாமாம். அந்த டாக்டர் வேகமா என்னென்னவோ சொல்றாரு, எனக்குப் புரியல. நீங்க இந்தப் புள்ளைங்க வேலதான பாத்தீங்க. அவளுக்குப் பேச்சு வரணும். எந்தப் பக்கம் நின்னு பேசணும்? தூங்க வைக்கிறப்ப எந்தப் பக்கம் மேல இருக்கணும்? இதச் சொல்லுங்க போதும்."

வரிசையில் இருந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வலது பக்கம் நின்று பேசுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் வந்து, வாய் அவளுக்குத் தெரிகிற மாதிரி. படுக்க வைக்கும்போது வலது காது தலையணையில் புதையாமல். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் எந்த மூலையில் உட்கார வைக்க வேண்டும் என்பதுவரை சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மறக்காது என்றார்.

போகத் திரும்பியவர் நின்றார். "ஒருவாட்டி கூப்புட்டுக் காட்டுங்க. நா சரியா செய்யறனான்னு தெரியணும்."

அவளைத் தொட்டு ஐந்து மாதம் ஆகப்போகிறது அக்கா. தொடவில்லை, பக்கத்தில் போய்க் குனிந்தேன். முதலில் இடது பக்கம் நின்றேன், அவள் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியட்டும் என்று. கூப்பிட்டேன். அவள் தன் அம்மாவின் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் வந்தேன். திரும்பவும் கூப்பிட்டேன்.

பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது. அவள் அம்மா அதைத் துடைத்துவிட்டு, "அந்தப் பக்கம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். அவர்களாக ஏதாவது கேட்டு வந்தால் அன்றைக்கு நாம் இருக்க வேண்டும், அது போதும். ஆனால் நீ இங்கே வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அடித்த மூன்று வரியை நேரில் சொல். நான் கேட்கிறேன்.

தம்பி